புரோகிராமுக்குள் இல்லாத பாஸ்வேர்டு

மூன்று வருடமாகத் 'தற்காலிகம்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த புரோகிராமருக்கு அன்றுதான் விடிவுகாலம். தணிக்கை அதிகாரி வந்து, வெப்சைட்டின் பிஎச்பி புரோகிராமுக்குள் பாஸ்வேர்டு எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை நிரந்தரம். மேனேஜர் தன் வாயாலேயே சொன்னது.

அவளும் பாஸ்வேர்டுகளைப் புரோகிராமிலிருந்து வழித்தெடுத்து, புரோகிராமுக்கு வெளியே, சர்வரில் என்விரான்மென்ட் வேரியபிள்களாக வைக்கச் சொல்லியிருந்தாள். புரோகிராம் ஓடும்போது அங்கிருந்து வாசித்துக்கொள்ளும். சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவளுடைய அக்கா புருஷன். பாழாய்ப்போன வெப்சைட் காலையிலேயே கையை விரித்துவிட்டது.

"மாமா, வச்சீங்களா இல்லையா? வாசிச்சா காலியா வருது!"

"வச்சுட்டேன்மா. என் ஸ்கிரீன்ல அழகாத் தெரியுதே."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? வெப்சைட்டுக்குத் தெரியணுமே!"

எது வருகிறது, எது வரவில்லை என்று பார்க்க, எல்லா வேரியபிள்களையும் முதல் பக்கத்திலேயே கொட்டும்படி புரோகிராமில் ஒரு வரி எழுதினாள். மாமா தலையைச் சொறிந்துவிட்டு, வெப் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அப்பாடா, வந்துவிட்டது! அந்த நேரம் பார்த்து அதிகாரியும் வந்து தொலைத்தார். அவசரத்தில் அந்த வரியை எடுக்க மறந்தே போனாள்.

கூட்ட அறைச் சுவரில் வெப்சைட் விரிந்தது. தலைப்புக்குக் கீழே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, அதற்குக் கீழே மெயில் பாஸ்வேர்டு, ஊர் உலகமே பார்க்கும்படி!

"சார், இது வெளியில எல்லாருக்கும் தெரியுது சார்!"

"நான் பார்க்க வேண்டியது புரோகிராமைத்தாம்மா" என்ற அதிகாரி, அதை மேலிருந்து கீழ்வரை அலசினார். "உள்ள பாஸ்வேர்டே இல்லை. படு சுத்தம்." படிவக் கட்டத்தில் ஒரு டிக். மேனேஜர் கைதட்டினார்.

"இனிமே இதுல யாரும் கை வைக்கக் கூடாது. வச்சா சான்றிதழ் ரத்து. ஏதாவது மாத்தணும்னா அடுத்த வருஷம் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

மாமா அவள் காதைக் கடித்தார். "வாயைத் திறக்காதம்மா. நாளைக்கு ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"நாளைக்குள்ள எவன் எவன் உள்ள புகுந்துடுவானோ! நீங்க முதல்ல பாஸ்வேர்டையெல்லாம் மாத்துங்க மாமா."

அவர் மாற்றினார். அவள் போய் அந்த வரியை அழித்தாள். லேசில் மனசு வரவில்லை. மூன்று வருட உழைப்பு ஆயிற்றே!

சாயங்காலத்துக்குள் கடிதம் வந்துவிட்டது. தணிக்கை முடிந்த புரோகிராமில் கை வைத்த குற்றத்துக்கு இன்னும் ஒரு வருடம் தற்காலிகம். என்ன அநியாயம்!

சான்றிதழைக் காப்பாற்ற, அதிகாரி பார்த்த அதே புரோகிராமைத் திரும்ப ஏற்றும்படி மேனேஜர் உத்தரவு போட்டார். மாமாவும் பிள்ளைகுட்டிக்காரர், அந்த வரியோடு ஏற்றினார். முதல் பக்கத்தில் இப்போது புதுப் பாஸ்வேர்டுகள் பளிச்சென்று தெரிந்தன.