மனைவி விசா

மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. தோஹாவில் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தபோது, அதே ஓட்டலில் ஏசி மெக்கானிக்காக இருந்த பிபினோடு பழக்கமானாள். இருவரும் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்ததில் தொடங்கிய பழக்கம், குளச்சலுக்குப் பக்கத்தில் பிபினின் ஊர்க் கோயிலில் கல்யாணமாக முடிந்தது. பதிவுத் திருமணமும் செய்துகொண்டார்கள். மகள் ஜிஷா வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டுவிட்டு மாமியார் குளோரியின் வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு திரும்பிப் போகவில்லை.

ஊர் முதலில் அவளை வேடிக்கை பார்த்தது. பிறகு மறந்துவிட்டது. மரிசெல் என்ற பெயர் வாய்க்கு வராதவர்கள் மரியசெல்வி என்றார்கள். அவளும் திருத்தவில்லை. குளோரியோடு சேர்ந்து நெத்தோலி மீன் உலர்த்தினாள், அன்பியக் கூட்டத்தில் செபம் சொன்னாள், குழாயடியில் முறைக்காகச் சண்டை போட்டாள். அவளுடைய அப்பாவும் மீன்பிடிக்கிறவர்தான். கடல் இரைகிற சத்தத்தை வைத்துப் படகு போகுமா போகாதா என்று சொல்ல அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

அவள் வேறு நாட்டுக்காரி என்பது விசா முடியும் காலத்தில் மட்டும் ஞாபகத்துக்கு வரும். இந்தியரின் மனைவி என்ற வகையில் கொடுக்கப்பட்ட விசா அது. நீட்டிக்கும்போதெல்லாம் பிபின் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அடிக்கடி நீட்டிக்கத் தேவையில்லாத ஓசிஐ அட்டைக்கு எழுதிப்போடலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்றான் பிபின். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த லீவில் வந்தபோது தனி அறையில் படுத்தான்.

போன வருடம் வந்தபோதுதான் சொன்னான். தோஹாவில் கோட்டயத்துக்காரி ஒருத்தியோடு இருக்கிறான், விவாகரத்து வேண்டும், சண்டை இல்லாமல் இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்துவிடலாம். மரிசெல் அழவில்லை. மூன்று வருடமாகத் தெரிந்த விஷயம்தான், அவன் வாயால் கேட்டது அன்றைக்கு. பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். சரி என்றான். அந்த நிமிடத்தில் பேனா கொடுத்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

பிபினின் வக்கீல் தயாரித்த மனுவில் ஜிஷாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் தக்கலையில் வக்கீல் குமாரதாஸிடம் போனாள். அவர் மனுவைப் படித்து முடித்துவிட்டு, அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டார். விசா இருந்த பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார்.

"ஏம்மா, இது பிபினுக்க மனைவிங்கிறதுக்காகத் தந்த விசா. டைவர்ஸ் ஆயிட்டா நீங்க மனைவி இல்ல. பிறகு எதை வச்சு இஞ்ச இருப்பீங்க?"

அவர் விளக்கிச் சொன்னார். இந்தியரை மணந்தவர் தொடர்ந்து ஏழு வருடம் இங்கே வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அவளுக்கு அந்த ஏழு நிறைய இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. இப்போது திருமணம் முறிந்தால் அந்த வழி அடைபடும். ஜிஷா இங்கே பிறந்தவள், இந்தியப் பிரஜை. அப்பாவின் சம்மதமில்லாமல் அவளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதும் லேசில்லை. அதாவது தாய் போக வேண்டி வரலாம், பிள்ளை போக முடியாமல் ஆகலாம்.

மரிசெல் பாஸ்போர்ட்டை எடுத்து மூடினாள். பிறகு, "எங்க நாட்டுல டைவர்ஸுக்குச் சட்டமே கெடையாது சார்" என்றாள். "எனக்கு இதொண்ணும் தெரியாது."

வீட்டுக்கு வந்து, இப்போதைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று பிபினிடம் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவன் நம்பவில்லை. தன்னைக் கட்டிப்போடப் பார்க்கிறாள் என்றான். விசா நீட்டிப்புக்கான கடிதத்தை அவள் நீட்டியபோது, அப்படியென்றால் தானும் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு லீவு முடியுமுன்பே விமானம் ஏறிவிட்டான்.

குளோரிக்கு மகன் செய்தது பிடிக்கவில்லை. ஆனால் அவன் மகன். அவன் அனுப்புவதில்தான் மேல்தளம் எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் மீன் நறுக்கிக்கொண்டே, மரிசெல்லின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ வேணும்னா உனக்க ஊருக்குப் போ மக்கா. பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன். அவ எனக்க ரத்தம்."

மரிசெல் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "எனக்க வயித்துல கெடந்த பிள்ள மாமி" என்றாள். அதற்குப் பிறகு சில நாட்கள் இருவரும் ஒரே அடுப்பில் தனித்தனியாகச் சமைத்தார்கள். ஜிஷா இரண்டு சட்டியிலும் எடுத்துத் தின்றாள்.

பிலிப்பைன்ஸில் போய் இருக்க மரிசெல்லுக்கு வீடு இல்லை. புயலில் விழுந்த பழைய வீட்டை அண்ணன் தன் குடும்பத்துக்காக எடுத்துக் கட்டியிருந்தான். போனால் அண்ணியின் வீட்டில் விருந்தாளி. ஆனால் அது மட்டும் காரணமில்லை. அவள் கனவுகூடத் தமிழில்தான் வந்தது. குளச்சல் சந்தையில் அவளை ஏமாற்றி விலை சொல்ல ஒருவராலும் முடியாது. வாழ்ந்து பழகிய இடத்தை விட்டு ஏன் போக வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை.

குமாரதாஸ் சொன்னபடி, கணவர் கடிதம் தர மறுக்கிறார் என்ற விளக்கத்தோடு நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாள். விசாரணைக்கு ஆள் வரும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஆவணிக் காற்று ஓய்ந்த ஒரு நாள் தாணு என்ற ஏட்டு பைக்கில் வந்து இறங்கினார். அவள் விண்ணப்பித்தது தெரிந்து, அதற்கு முந்தின நாளே பிபின் அம்மாவைப் போனில் கூப்பிட்டிருந்தான். யாராவது கேட்டால் அவள் இங்கே சரியாக இருப்பதில்லை, குடும்பமாக வாழவில்லை என்று சொல்லிவிட வேண்டும். விசா கிடைக்காவிட்டால் அவளே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றான். குளோரி உம் கொட்டினாள். இந்தப் பேச்சு மரிசெல்லுக்குத் தெரியாது.

தாணு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, வெளிநாட்டுப் பெண் இங்கேதான் வசிக்கிறாளா, மகனோடு வாழ்கிறாளா என்று கேட்டார். மரிசெல் அடுக்களை வாசலில் நின்றாள்.

குளோரி முந்தானையில் கையைத் துடைத்தாள். மருமகளை ஒருமுறை பார்த்தாள்.

"மவன் தோஹாவுல வேற ஒருத்தியோட இருக்கான் சாரே. அதுக்கு இவ என்ன செய்வா? இவ இஞ்சதான் இருக்கா. எனக்குப் பனிக்காய்ச்சல் வந்து கெடந்தப்ப மூத்திரம் எடுத்துப் போட்டது இவதான். எனக்க மவன் வந்து பாக்கல்ல. எழுதிக்கிடுங்க."

தாணு எழுதிக்கொண்டார். தேயிலைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் குளோரி பிபின் கூப்பிட்டதைச் சொன்னாள். பொய் சொல்லிவிடுவதாகத்தான் இருந்ததாகவும் சொன்னாள். "நீ அங்க நிக்குததப் பாத்தேன். வாயில வரல்ல" என்றாள். அன்றிரவு ஒரு சட்டியில்தான் குழம்பு கொதித்தது.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே தக்கலைக்குப் போனார்கள். விசாரணை நல்லபடியாகப் போயிருந்ததால் குமாரதாஸ் தெம்பாக இருந்தார். நீட்டிப்பு கிடைத்துவிடும், இப்படியே மனைவியாக நீடிக்கலாம் என்றார். சம்மதமில்லாமல் பிபினால் சீக்கிரம் விவாகரத்து வாங்க முடியாது. ஏழு வருடம் நிறைந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வர வருடங்கள் ஆகலாம். அதுவரை திருமணம் நிற்க வேண்டும்.

"அதுவரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் அவருக்க கையெழுத்து கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"டைவர்ஸ் ஆனா வழியே இல்லியா?"

இருக்கிறது என்றார், ஆனால் நீளம். இந்தியக் குழந்தையின் தாய், நீதிமன்றம் பிள்ளையை அவளிடம் ஒப்படைத்திருக்கிறது என்ற அடிப்படையில் விசா கேட்கலாம். வருடத்துக்கு வருடம் நீட்டிக்க வேண்டியிருக்கும். தருவார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குடியுரிமைக்கு ஏழு வருடக் கணக்கு செல்லாது, பன்னிரண்டு வருடக் கணக்கு. ஒரு இந்திய மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

"இவ கடப்புறத்துத் தமிழ்ல சண்ட போடுவா சாரே" என்றாள் குளோரி. குமாரதாஸ் சிரித்துவிட்டார்.

மரிசெல் அங்கே முடிவு சொல்லவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் குளோரியிடம் சொன்னாள். வேறொருத்தியோடு வாழ்கிறவனுக்கு மனைவி என்று ஒவ்வொரு அதிகாரியிடமும் சொல்லிக்கொண்டிருக்க அவளால் முடியாது. பாதி உயிரோடு இருக்கிற கல்யாணத்தைக் காகிதத்துக்காகப் பிடித்துவைத்தால், அவன் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் அவனுக்குக் கீழேதான் அவள் வாழ்க்கை. "நீளமா இருந்தாலும் எனக்க வழி வேணும் மாமி."

குளோரிக்கு அது புத்தியாகப் படவில்லை. ஊரில் எத்தனை பேர் பேருக்குப் புருஷன் என்று வைத்துக்கொண்டு வாழவில்லையா என்று கேட்டாள். குளச்சல் வரும்வரை அதையே வேறு வேறு விதமாகக் கேட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துப் பிபினைக் கூப்பிட்டது அவள்தான்.

"அவ கையெழுத்துப் போடுவா. பிள்ள அவளுக்கு. பிள்ளைக்க பாஸ்போர்ட்டு, விசாவுக்கு உண்டான சம்மதக் கடிதம், எல்லாத்துலயும் முதல்ல நீ ஒப்பு போட்டுத் தரணும். இல்லன்னா இந்த வீட்டு நடையில நீ ஏற வேண்டாம்."

பிபின் கடைசியில் ஒத்துக்கொண்டான். விவாகரத்து நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்தில் நடந்தது. உண்மையாகவே பிரிகிறீர்களா என்று நீதிபதி கேட்டபோது இருவரும் ஆம் என்றார்கள். வெளியே வராந்தாவில் பிபின், "உன்னைய அனுப்பணும்னு நான் நெனைக்கல்ல" என்றான். அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டதாகச் சொன்னான். மரிசெல் அவனை நம்பினாள், ஆனாலும் அதனால் இனி ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஜிஷாவுக்கு வெள்ளிக்கிழமைகளில் போன் செய்யச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

தீர்ப்பு வந்ததும் அதை மறைக்காமல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குமாரதாஸ் சொன்னபடி செய்தாள். புது விண்ணப்பத்துக்கு முகவரி ஆதாரம் கேட்டார்கள். மருமகள் என்ற உறவு இப்போது இல்லாததால் குளோரியும் மரிசெல்லும் வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்காரி குளோரி, குடியிருப்பவள் மரிசெல். அவளுக்குப் பொறுப்பு நிற்பவராகவும் குளோரியே கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்தில் இருந்தவர், இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். குளோரி கொஞ்சம் யோசித்துவிட்டு, பேத்திக்கு அம்மா என்றாள்.

பதில் வரச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் மரிசெல் சரியாகத் தூங்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஜிஷாவை விடும்போதெல்லாம் கையை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தாள். வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

விசா ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. மெயிலைப் பார்த்துவிட்டு அவள் மாடியேறினாள். குளோரி நெத்தோலியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசம்?"

"ஒண்ணுதான் மாமி."

"செரி. அடுத்த வருசமும் வந்து ஒப்பு போடுவேன்" என்றாள் குளோரி. பிறகு மேகம் கறுத்து வருவதைக் காட்டி, உலர்ந்ததை அள்ளச் சொன்னாள். இருவரும் சாக்கை விரித்து அள்ளத் தொடங்கினார்கள்.