இடது கை

ஷாரோன் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தபோது நர்ஸ் காயத்ரி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்த பெண்களை வீடு வீடாகப் போய்க் கவனிப்பது அவள் வேலை. கருங்குழியில் இன்று ஷாரோனின் அம்மா ஜாக்குலினின் முறை. சாவுப் பந்தல் போடுகிறவர்களைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"எப்படி ஷாரோன்? போன மாசம்கூட சிரிச்சுப் பேசினாங்களே!"

"கை செவந்து ஜுரம் சிஸ்டர். நேத்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போற வழில, படாளம் தாண்டறதுக்குள்ள..."

ஜாக்குலினைப் புற்றுநோய் கொல்லவில்லை. இடது மார்பை எடுத்து நான்கு வருடமாகிறது. அது திரும்பி வரவேயில்லை. அக்குளிலும் கத்தி வைத்ததால் இடது கை மட்டும் வீங்கும். தினமும் நீவிவிட்டுத் துணி சுற்ற வேண்டும். சிவந்தால், கிருமி ரத்தத்தில் ஏறுவதற்குள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காயத்ரி முதல்முறை நீவக் கற்றுக்கொடுத்தபோது, அப்பா ஆபிரகாம் பாதியில் எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விட்டார். அன்றிரவே அவர் கட்டிலும் வெளி அறைக்குப் போனது.

அம்மா தானே நீவிக்கொண்டாள். துணியின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு சுற்றினாள். காயத்ரி கேட்டால் மட்டும், "அவருதான் சிஸ்டர் டெய்லி தேச்சு வுடறாரு" என்பாள். ஒருமுறை பக்கத்திலிருந்த ஷாரோன் வாயைத் திறக்கப் போக, அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

காயத்ரி ஆபிரகாமின் எதிரில் போய் நின்றாள். சுற்றிலும் உறவுக்காரர்கள்.

"நீங்க பாத்துக்கறீங்கன்னு நம்பித்தாண்ணா, வாராவாரம் வந்தவ மாசத்துக்கு ஒருவாட்டின்னு கொறைச்சேன். செவந்தது உங்க கண்ணுல படலியா?"

ஆபிரகாம் மகளைப் பார்த்தார். வியாழக்கிழமை அம்மா, திருப்போரூரில் இருக்கும் ஷாரோனுக்குப் போன் செய்திருந்தாள். "கை எரியுதுடி. உங்கப்பாகிட்ட சொன்னா, மாத்திர போட்டுகினு படுன்றாரு." ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லி ஷாரோனும் போனை வைத்துவிட்டாள். இப்போது அவள் குனிந்து அம்மாவின் தலையை மறுபடி வாரத் தொடங்கினாள்.

"முந்தாநேத்து நைட்டு தேச்சு வுடும்போதுகூட நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றார் ஆபிரகாம்.

அவருடைய அக்கா எல்லம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "எந்த ஆம்பள இப்டி செய்வான்? கடைசியா ஒருவாட்டி தேச்சு வுடு தம்பி. அவ மனசு குளுரட்டும்."

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கழுத்துவரை போர்த்தியிருந்தது. ஆபிரகாம் கட்டில் ஓரம் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டுத் தன் பக்கமிருந்த கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை மெதுவாக நீவினார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. கூடம் முழுக்க அழுகை வெடித்தது.

காயத்ரி அந்தக் கையைப் பார்த்தாள். குச்சிபோல் மெலிந்த வலது கை. பிறகு ஷாரோனைப் பார்த்தாள்.

ஷாரோன் எழுந்து கட்டிலின் மறுபக்கம் போனாள். அங்கே போர்வை விலகி, உப்பிச் சிவந்த விரல்கள் வெளியே தெரிந்தன. அவற்றை உள்ளே தள்ளி, போர்வையின் ஓரத்தை இழுத்து மெத்தைக்கு அடியில் இறுக்கச் செருகினாள்.