குழாயடிச் சக்கை

என் வீட்டுக்காரர் ஞானசீலன் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை பார்த்தார். சாயங்காலம் வந்ததும் பின்பக்கக் குழாயடியில் நின்று, பில்டரில் மிஞ்சிய காபி சக்கையால் கையைத் தேய்ப்பார். பச்சைத்தோல் வாடை அதில்தான் போகுமாம்.

"சோப்பு இன்னாத்துக்கு இருக்குது? சக்கை அடைச்சிக்கிட்டு தண்ணியே போவ மாட்டேங்குது!" என்று தினமும் கத்துவேன். சிரிப்பார்.

அவரை அடக்கம் செய்து எட்டு மாதமாகிறது. இப்போதெல்லாம் சக்கையைச் சாக்கடையில் விடுவதில்லை. மண்தொட்டியில் காய்ந்த இலைகளோடு போட்டு ரோஜாச் செடிக்கு உரமாக்குகிறேன். அதிலும் ஒரே பேஜார். சாயங்காலமானால் யாரோ ஒரு பிடி அள்ளினதுபோல் தொட்டி நடுவில் குழி விழுகிறது. பெருச்சாளி வேலைதான் என்று திட்டிக்கொண்டே பலகையால் மூடி, மேலே கல்லை வைத்தேன்.

நேற்று டேனரியில் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஓடினேன். யாருமில்லை. கல்லும் பலகையும் ஓரமாக இருந்தன. குழாயடியெங்கும் ஈரச் சக்கை. சோப்பு காய்ந்தே கிடந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் தொட்டிப் பக்கம் குனிந்தேன். தொட்டிக்குள் கையை விட்டு எடுத்து முகர்ந்தேன். காபி வாசனை இல்லை. பச்சைத்தோல் வாடை.

இன்னும் அந்தக் கையை நான் கழுவவில்லை.