சாமிதுரை நடக்காத தூரம்

திருட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே திருட்டுக் கொடுத்தவர் என்ற பெருமை, ஓய்வுபெற்ற கண்டக்டர் சாமிதுரைக்கு மாதத்தின் முதல் வாரத்திலேயே கிடைத்தது. பெரம்பலூர் மைதானத்தில் ஒன்றரைச் சுற்று நடந்துவிட்டு, அந்தக் களைப்புத் தீர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பூலாம்பாடிப் பக்கம் எவனோ ஒருவன் பைக்கில் வந்து சங்கிலியை எப்படி அறுத்திருப்பான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். விளக்குவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டதால் செல்போனை பெஞ்சில் வைத்தார்.

பக்கத்தில் இருந்த ஒல்லியான ஆள், "வலது கையால அறுக்க முடியாது சார். ஆக்சிலேட்டரை யாரு புடிக்கிறது?" என்று ஒரு திருத்தம் சொன்னான்.

நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, இடது கையால் மறுபடி அறுத்துக் காட்டி முடித்தார். திரும்பிப் பார்த்தால் ஆளும் இல்லை, போனும் இல்லை.

வீட்டில் மனைவி உண்ணாமலை திட்டிய திட்டுக்குப் பயந்து புகார் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலையில் ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தது. அதற்குள் இரவு எட்டு மணிக்கு உண்ணாமலையின் போனில், அவளும் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில், நடையாளர் சங்கத்தின் பட்டியல் வந்துவிட்டது.

அந்தச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொத்தம் அறுபத்து நாலு உறுப்பினர்கள். நாடு எப்படிப் போக வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்கிறவர்கள். ஆனால் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று முறை கூட்டம் போட்டும், கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலே பேர். அதிலும் ஒருவர், முதல் கூட்டத்தில் விட்டுப்போன குடையைத் தேடி வந்தவர். செயலாளர் அப்துல் சுக்கூருக்கு வெறுத்துப்போய்விட்டது. செருப்புக்கடை வைத்திருப்பவர் அவர். இனி ஓட்டு கிடையாது, இந்த மாதம் எவர் அதிக அடி நடக்கிறாரோ அவரே தலைவர் என்று தீர்மானம் போட்டு, எல்லார் போனிலும் அடி எண்ணும் ஆப்பை அவரே ஏற்றிக் கொடுத்தார். நடப்பவர்கள் பெருகினால் செருப்புக்கடைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அன்றைய பட்டியலில் முதல் பெயர் சாமிதுரை. பதினைந்தாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு அடி. வழக்கமாக முதலில் வரும் நடராசன் பதினோராயிரத்தோடு கீழே இருந்தார்.

சாமிதுரை அந்த இரண்டு பெயரையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நடராசன் டிரைவர். முப்பத்தோரு வருஷம் அரியலூர் தடத்தில் இருவரும் ஒரே வண்டி. ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். இரண்டையும் கொடுத்தவர் சாமிதுரை. சில்லறைக்குச் சண்டை போட்டது, படியில் தொங்கியவனை உள்ளே இழுத்தது, ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் உண்டா என்று தீர்ப்புச் சொன்னது எல்லாம் அவர். ஆனாலும் வழி நெடுக ஜனங்கள் சொன்னது, "நடராசன் வண்டி வந்துருச்சு" என்றுதான். மறந்துபோய்க்கூட ஒருவரும் சாமிதுரை வண்டி என்று சொன்னதில்லை. அந்த ஏக்கம் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சாவதற்குள் ஏதாவது ஒன்றைத் தன் பெயர் சொல்லி ஜனங்கள் அழைக்க வேண்டும், அது நடைச் சங்கமாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தார்.

புகாரை நாலாகக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் உண்ணாமலையின் போனிலிருந்து தன் நம்பருக்கே அடித்தார்.

"யாருங்க?"

"போனுக்குச் சொந்தக்காரன் பேசுறேன்."

"லாக் போட்டு வெச்சிக்கக் கூடாதா சார்? இப்படித் தொறந்து போட்டா எவன் வேணாலும் எடுப்பான்."

"எடுத்தது இருக்கட்டும் தம்பி. நேத்து எங்கெல்லாம் நடந்த?"

திருடனின் பெயர் பிரசாத். பெயரைக் கேட்டதும் சொல்லிவிட்டான், ஒளிவுமறைவு இல்லாத மனிதன். நடப்பதற்கும் காரணம் சொன்னான். "நம்மூரு டிராஃபிக்ல வண்டிய நம்பித் தொழில் பண்ண முடியுமா சார்? பாலக்கரையில மாட்டினா நாலு ரோடு போறதுக்குள்ள விடிஞ்சிடும். நான் நடந்து தப்பிச்சிடுறேன். தொரத்துறவங்க வண்டியில ஒக்காந்து ஆரன் அடிச்சிட்டு இருக்காங்க."

"மாசம் முடியிற வரைக்கும் போனை வித்துடாத. பையிலயே வெச்சிக்க. நடக்கறத மட்டும் வுட்டுடாத."

"கண்டிஷனோட திருடுறது எனக்கு இதான் மொதத் தடவ சார்" என்றான் பிரசாத். ஆனாலும் சம்மதித்தான்.

அன்றிலிருந்து தினமும் பேச்சுதான். டேட்டா தீர்ந்தால் அடி கணக்கில் ஏறாது என்பதால், திருட்டுப்போன போனுக்கு சாமிதுரையே ரீசார்ஜ் செய்தார். பிரசாத்துக்குச் சளி பிடித்த அன்று தூதுவளை ரசம் வைக்கச் சொன்னார். பிரசாத்தும் பதிலுக்குத் தொழில் நிலவரம் சொன்னான். தெருவுக்கு நாலு கேமரா வந்துவிட்டதையும், அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்ட் லாரி கிளப்பும் புழுதியில் எந்த வீடு பூட்டியிருக்கிறது என்றே தெரியாததையும் சொல்லி அலுத்துக்கொண்டான். ஒருநாள் பேச்சு தேர்தல் பக்கம் போயிற்று.

"நீங்க கடைசியா எப்ப ஓட்டுப் போட்டீங்க சார்?"

சாமிதுரை பேச்சை மாற்றப் பார்த்தார். வேலையில் இருந்தவரை டூட்டி என்று சொல்லித் தப்பித்தார். ஓய்வுக்குப் பிறகு சொல்லச் சாக்கு ஒன்றுமில்லை.

"நான் ஒரு தடவகூட வுட்டதில்ல" என்றான் பிரசாத். "ஓட்டுப் போட ஊரே கெளம்பிடும், வூடெல்லாம் காலியா கெடக்கும்னுதான் ஆரம்பத்துல போனேன். ஒருத்தரும் வெளிய வரல சார். லீவுன்னு அம்புட்டுப் பேரும் டிவி முன்னாடி ஒக்காந்திருக்காங்க. அன்னிக்குத் தொழிலே கெடையாது. சும்மா இருக்கறதுக்கு ஓட்டாச்சும் போடுவோம்னு போயிடுவேன்."

அன்றைக்கு சாமிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இரவுப் பட்டியலைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. நாற்பதாயிரம் அடி முன்னால் இருந்தார். மைதானத்தில் ஆட்கள் அவருக்கு வழிவிட ஆரம்பித்தார்கள். அவர் ஒன்றரைச் சுற்றோடு உட்கார்ந்தாலும், "அண்ணன் மீதிய வெயில் சாஞ்சு நடப்பாரு" என்று அவர்களே விளக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

இருபத்தாறாம் தேதி பட்டியலைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டே நாளில் முன்னிலை பன்னிரண்டாயிரமாகச் சுருங்கியிருந்தது. சாமிதுரைக்குத் தினம் வெறும் ஆயிரம் அடி, நடராசனுக்குப் பதினைந்தாயிரம். உடனே போனைப் போட்டார்.

"ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"இல்ல சார், வண்டி ஒண்ணு அமைஞ்சிது. பழைய மொபெட்தான், சந்துல கூட நொழையுது. சீட்டுல யாரோ பச்சைத் துண்டு கட்டி வெச்சிருக்காங்க, மெத்துனு இருக்கு."

சாமிதுரைக்கு விளங்கிவிட்டது. முப்பத்தோரு வருஷம் டிரைவர் சீட்டில் பார்த்த பச்சைத் துண்டு அது. நடராசனின் வண்டியைப் பிரசாத் தூக்கியிருக்கிறான். அதனால் பிரசாத் நடப்பதில்லை. நடராசன் காய்கறிக்கும் நடக்கிறார், புகார் கொடுக்கவும் நடக்கிறார். பழைய கூட்டாளியின் வண்டி போனதற்கு சாமிதுரை வருந்தவில்லை என்று சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வருந்தினார்.

"மரியாதையா எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வெச்சிடு."

"எடுக்கறதாவது பரவால்ல சார். வெக்கும்போது மாட்டுனா என்னன்னு சொல்றது?"

இன்னும் ஒரு நாள் முழுக்கக் கெஞ்சிக் கூத்தாடி வைக்க வைத்தார். மாதக் கடைசியில் ஒன்பதாயிரம் அடி வித்தியாசத்தில் சாமிதுரை ஜெயித்தார்.

முதல் தேதி காலை மைதானத்தில் கூட்டம். பொங்கல் உண்டு என்று சுக்கூர் அறிவித்திருந்ததால் முப்பது பேர் வந்திருந்தார்கள். ஜெயித்தவர் போனைக் காட்ட வேண்டும் என்பது விதி. அதனால் பிரசாத்தையும் வரச் சொல்லியிருந்தார். அவனும் எண்ணெய் வைத்துத் தலை வாரி வந்து, ஓசைப்படாமல் போனைக் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றான்.

சுக்கூர் பெயரை வாசித்ததும் நடராசன் எழுந்து வந்தார். பொன்னாடை வாங்க மறந்துவிட்டார்கள் என்று, தன் பச்சைத் துண்டையே சாமிதுரையின் கழுத்தில் போட்டார். "முப்பத்தோரு வருசம் எம் பின்னாடி நின்னவன். இன்னிக்கு முன்னாடி வந்துட்டான். எனக்குச் சந்தோசம்தான்" என்றார்.

சாமிதுரை துண்டைத் தடவிப் பார்த்தார். இத்தனை நாள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தன்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது.

"நான் நடக்கல" என்றார். "எம் போனைத் திருடுனவன்தான் நடந்தான்."

பொங்கல் வரிசை ஒரு நொடி நின்று, மறுபடி நகர்ந்தது.

"யாரு அது?" என்றார் சுக்கூர். பிரசாத் கையைத் தூக்கினான். "இன்னொண்ணும் சொல்லிடுறேன். மொபெட் எடுத்ததும் நான்தான். பிரேக் கட்டை தேஞ்சி கெடந்துச்சு, மாத்தித்தான் வெச்சேன்."

நடராசன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "முன்பக்கமா, பின்பக்கமா?"

"ரெண்டும்ங்க."

"அதான் பாத்தேன், புடிச்சா நிக்கிது" என்று சொல்லி, டிரைவர் தன் தொன்னையை எடுக்கப் போய்விட்டார்.

சுக்கூர் தலையில் கை வைத்தார். "தீர்மானத்துல என்ன இருக்கு? நடந்தவருதான் தலைவரு. திரும்ப ஓட்டு வெச்சா நாலு பேரு வருவீங்க. யா அல்லாஹ், இன்னொரு தடவ என்னால ஆவாது. ஆட்சேபணை உள்ளவங்க கையைத் தூக்குங்க."

எல்லார் கையிலும் பொங்கல் இருந்தது.

"ஓட்டுப் போட்டு எடுத்தாத்தானுங்க மரியாதை" என்று பிரசாத் மட்டும் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. ஏகமனதாகத் தலைவரானான். சாமிதுரைக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று, சுக்கூர் பையைத் துழாவி ஒரு விசிலை எடுத்து நீட்டினார்.

முன்னால் தலைவர். நடுவில் நடராசனும் மற்றவர்களும். கடைசியில் சாமிதுரை. இரண்டு விசில் கொடுத்தார்; வரிசை கிளம்பியது. டீக்கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் கேட்டது.

"பிரசாத் சங்கம் கெளம்பிருச்சு, பாலை ஏத்துப்பா."

சாமிதுரை ஒரு விசில் கொடுத்தார்.

முப்பது பேரும் நின்றார்கள். தலைவர் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றான். நடராசன் இல்லாத பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒருவர் விடாமல் கடைசி ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். டீ மாஸ்டரும் வெளியே வந்து பார்த்தார்.

சாமிதுரை அவசரப்படவில்லை. கழுத்துத் துண்டைச் சரிசெய்தார், போன் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அப்புறம் இரண்டு விசில் கொடுத்தார்.