எழுந்து காட்ட வேண்டிய ஞாயிறு

எங்கள் குடும்பத்தில் யாரும் இன்னொருவர் கையைப் பிடித்து எழுந்ததில்லை. என் அப்பா கடைசி நாள் வரை தானே நடந்து வந்துதான் கம்பிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். தெருவில் எங்களுக்குக் கம்பிக்கடை வீடு என்றே பெயர். கடைக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை, எங்கள் முதுகுக்காகவும்தான் என்பது எனக்குத் தெரியும். அதை நான் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆனால் உட்கார்ந்தே கழித்த காலத்தைத் தொடைகள் மறக்கவில்லை. மனைவி போனபின் நான் தனியாக இருக்கும் வீட்டில், போன மாதம் குளியலறை வாசலில் தடுமாறினேன். விழவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டேன். அன்று பார்த்து மகன் வந்திருந்தான். ஊரையே கூட்டிவிட்டான். டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்து, “சதையே இல்லையே” என்றார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியிலிருந்து கை வைக்காமல் எழுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது என்று அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். பலன் இருந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது குறைந்தது. ஒரு நாள் அவள் தரைப் பயிற்சிக்கு வந்தாள்.

“ஐயா, கீழ இறங்கறது சுலபம். எந்திரிக்கறதுதான் பாடம். ஒருக்களிச்சுப் படுத்து, முழங்கையை ஊனி, அப்புறம் நாலு கால்ல நின்னு, தவழ்ந்து நாற்காலிகிட்ட போய்...”

“நாலு கால்லயா?”

“ஆமா ஐயா, குழந்தைங்க மாதிரி.”

“எனக்கு ரெண்டு கால்தாம்மா. அதோட நிறுத்திக்குவோம்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. “அதைக் கத்துக்காம தனியா தரையில இறங்கிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் என் மகனிடமும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

அவன் வந்து என் எதிரே உட்கார்ந்தான். “ஞாயித்துக்கிழமை வர்றோம்பா. தரையில உக்காந்து நீங்களா எந்திரிச்சுக் காட்டுங்க. முடிஞ்சா இங்கயே இருங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியலேன்னா எங்களோட வந்துடணும்.”

“காட்டறேன். முடியலேன்னா பெட்டியை நானே தூக்கிட்டு வர்றேன்” என்றேன். எங்கள் வீட்டில் சொன்ன சொல்லை மாற்றுவதில்லை.

அவர்களோடு என்றால் எங்கே? என் மகன் குடியிருப்பது அவனுடைய மாமனார் வீட்டு மாடியில். வாடகை கொடுக்கிறான் என்றாலும் நான் அதை வெளியே சொல்வதில்லை. அந்த மாமனார், அதாவது என் சம்பந்தி, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் ஊதிப் பிழைத்தவர். என் வயதுதான். ஆனால் நாற்காலி இருக்கும்போதே தரையில் சம்மணம் போட்டு உட்காருவார், கை ஊன்றாமல் எழுவார், எழுந்ததும் சுற்றியிருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அவர் வீட்டுக் கூரைக்குக் கீழே, அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் நான் குளிப்பதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருமுறை ஒத்திகை பார்க்க நினைத்தேன். மகன் வாங்கிக் கொடுத்திருந்த, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு போட்ட கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். அந்தக் கோலத்தில் என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று படுக்கையறைக் கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளைப் போட்டேன்.

இறங்கியது, அவள் சொன்னதுபோல், சுலபமாகத்தான் இருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தேன். தரை குளிர்ந்திருந்தது. அறையே திடீரென்று உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது. கட்டிலின் அடிப்பலகையை, வாங்கிய நாளுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். சரி, எழுவோம் என்று விளிம்பைப் பிடித்து இழுத்தேன். காலுறை வழுக்கியது. மறுபடி இழுத்தேன். இடுப்பு ஒரு விரல் அளவு உயர்ந்து, திரும்பவும் தரையில் உட்கார்ந்தது. முழங்கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கைகளும் கேட்கவில்லை. மல்லாந்து படுத்தேன். மின்விசிறி தலைக்கு மேலே சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் அதற்குப் பக்கத்தில் இருப்பதுபோல் அவ்வளவு உயரத்தில் தெரிந்தது.

வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

“அப்பா?”

“துணி மாத்திட்டிருக்கேன்” என்றேன். குரலை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தேன்.

கூடத்தில் நாற்காலிகள் இழுபட்டன. அவர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது.

“மாடியில அந்தச் சின்ன ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு” என்றாள் மருமகள். “மாமாவுக்குக் கைப்பிடி வச்ச நாற்காலிகூட வாங்கிப் போட்டாச்சு.”

“கட்டிலை இங்கேருந்தே எடுத்துட்டுப் போயிடலாம்” என்றான் மகன்.

“சம்பந்தி இன்னும் தரையில உக்காரவே இல்லை, அதுக்குள்ள கட்டிலைத் தூக்கிட்டீங்களே மாப்பிள்ளை” என்றது சம்பந்தியின் குரல்.

அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கறையோடு அளந்து, வெள்ளையடித்து, ஓர் அறையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் ஓடி வருவார்கள், கதவை உடைப்பார்கள், ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்குவார்கள். அத்துடன் அந்த வெள்ளையடித்த அறை எனக்கு நிச்சயமாகிவிடும். கூப்பிடாவிட்டாலும் எவ்வளவு நேரம்தான் துணி மாற்றுவது?

“அப்பா, இன்னுமா?” கதவு தட்டப்பட்டது. “தாழ்ப்பாள் போட்டிருக்கீங்களா?”

“பொத்தான் போடறேன்டா. கல்யாணத்துக்குக் கிளம்பினப்ப உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“எனக்கென்னவோ சரியாப் படலை” என்றான் அவன் தாழ்ந்த குரலில். “உடைச்சிடலாமா மாமா?”

“நல்ல தேக்குக் கதவு. உடைச்சா உங்க தோள்தான் உடையும்” என்றார் சம்பந்தி. “வண்டியை வளைவுல நிறுத்திட்டு வந்திருக்கீங்க, முதல்ல போய் நகர்த்தி வைங்க. நீ போம்மா, எனக்கும் உன் மாமனாருக்கும் டீ போடு. நான் இங்க நிக்கிறேன்.”

காலடிகள் விலகின. கதவுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி உண்டு. அதில் முதலில் ஒரு ஜோடி வெள்ளை கான்வாஸ் ஷூ தெரிந்தது. பிறகு ஓர் உள்ளங்கை, ஒரு காது, அப்புறம் கன்னத்தைத் தரையில் ஒட்டிவைத்த சம்பந்தியின் பாதி முகம். மல்லாந்து கிடந்த நான் தலையைத் திருப்பியதும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம்.

“கால்சட்டை ஜோரா இருக்கு சம்பந்தி” என்றார் கிசுகிசுப்பாக.

எங்கேயாவது அடிபட்டதா என்றார். இல்லை என்று தலையசைத்தேன்.

“விழுந்தீங்களா, இறங்கினீங்களா?”

“இறங்கினேன்.”

“அப்ப ஏறவும் முடியும். என் பக்கமா ஒருக்களிங்க. முழங்கையை ஊனுங்க. மூச்சை அடக்காதீங்க, விடுங்க. இப்ப ரெண்டு முட்டியும் தரையில.”

“அது மட்டும் வேண்டாம்.”

“சம்பந்தி, டீ கொதிக்கறதுக்குள்ள முடிவு பண்ணுங்க. எனக்கு முன்னால தவழறீங்களா, எல்லாருக்கும் முன்னால தூக்கப்படறீங்களா?”

சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஒருக்களித்தேன். கம்பிக்கடை வீட்டு மூத்தவன், விசில் ஊதிப் பிழைத்தவரின் கண் முன்னால், முட்டியும் உள்ளங்கையும் தரையில் பட நாலு காலில் நின்றேன். பார்வையைத் தரையை விட்டு எடுக்கவில்லை. நாற்காலி சன்னலோரம் இருந்தது. அதுவரை தவழ்ந்தேன்.

“ரெண்டு கையும் நாற்காலி மேல. பலமான காலை முன்னால வைங்க. பாதம் முழுக்கப் பதியட்டும். மூக்கு முன்னால போகணும், அப்பத்தான் இடுப்பு பின்னால எழும்பும். அவசரமில்லை. இப்ப தள்ளுங்க.”

தள்ளினேன். தொடை பற்றி எரிந்தது. பாதி வழியில் ஒரு கணம் அந்தரத்தில் நின்றேன். திரும்பக் கீழேதான் போகப்போகிறேன் என்று நினைத்தேன். போகவில்லை. நிமிர்ந்து நின்றபோது கதவின் கீழே முகம் இல்லை, கான்வாஸ் ஷூதான் இருந்தது.

உடையை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். மகன் தெருவிலிருந்து திரும்பியிருந்தான். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். “சரிப்பா, காட்டுங்க.”

இன்னொரு முறை என்னால் முடியாது. அது என் முழங்கால்களுக்குத் தெரியும், கூடத்தில் இன்னொருவருக்கும் தெரியும்.

“அதான் காட்டிட்டாரே” என்றார் சம்பந்தி, டீயை உறிஞ்சிக்கொண்டே. “கதவிடுக்கு வழியாப் பார்த்தேன். ஒத்திகை பார்த்திட்டிருந்தார். யார் கையும் படலை, தானாத்தான் எந்திரிச்சார். என் கண்ணால பார்த்தது மாப்பிள்ளை.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மகன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மாமனார் சொன்ன பிறகு மறுத்துப் பேச அவனுக்கு வழியில்லை. மருமகள் அந்த வெள்ளையடித்த அறையை நினைத்தோ என்னவோ, பெருமூச்சு விட்டாள்.

“அப்ப இங்கயே இருங்கப்பா” என்றான்.

“இருக்கட்டும்” என்றார் சம்பந்தி. “ஆனா இதை விடக்கூடாது பாருங்க. நாளையிலேருந்து காலையில நான் வந்துடறேன். ரெண்டு பேருமாச் செய்வோம். என்ன சம்பந்தி, உங்களுக்குச் சம்மதம்தானே?”

முகத்தில் சிரிப்பே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். என் வீடு அந்த மனிதருடைய ஒற்றை வார்த்தையில் நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, “சௌகரியம்போல வாங்க” என்றேன்.

மறுநாள் பால்காரனுக்கு முன்பே வந்துவிட்டார். கழுத்தில் விசில் இல்லை, அவ்வளவுதான். கூடத்தில் பாயை விரித்து, காற்று வரட்டும் என்று தெருப்பக்கத்து சன்னல்கள் எல்லாவற்றையும் தானே திறந்துவிட்டார். “இறங்குங்க சம்பந்தி” என்றார். இறங்கினேன். “நாலு கால்ல நில்லுங்க.” நின்றேன். சன்னலுக்கு வெளியே யாரோ செருமிக்கொண்டு போனார்கள். அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களின் பேச்சு நெருங்கி வந்தது. சன்னலைச் சாத்த வேண்டும். ஆனால் அதற்கு முதலில் எழுந்தாக வேண்டும். அவர் இன்னும் எழச் சொல்லவில்லை.