பதினோரு போய்ட்டு வா

“தொண்டை எப்ப வலிச்சுது?”

டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. மகளுக்கு மனசு சரியில்லை என்று சொல்வதற்காக அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். இந்த அம்மாவோ தொண்டையைப் பற்றிக் கேட்கிறாள். கூரை ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னவனிடம் வாசற்கதவின் அளவைக் கேட்டது போல இருந்தது. ஆனால் நினைத்ததை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டையை வெள்ளை மேஜையில் விரித்து, காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை விரலால் தடவிப் பார்ப்பாள். தையல் விட்டிருந்தாலோ கறை இருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். நாள் முழுக்க அதுதான் வேலை. கம்பெனியில் குற்றம் கண்டுபிடித்தே அலுத்துப்போனதால் வீட்டில் தன்னை விட்டுவைத்திருக்கிறாள் என்று கணவர் கேலி செய்வார். அவருக்குச் செல்போன் ரிப்பேர் கடை. ஒரே மகள், எட்டு வயது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஏதோ பெயர் இருந்தது. மற்றபடி தெருவுக்கே அவள் வாலு.

அந்த வாலு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றாள்.

“ம்மா, நான் போனா உனக்கு ஒண்ணும் ஆகாதே?”

“எனக்கு என்னடி ஆகப்போகுது? போய்ட்டு வா.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“போய்ட்டு வா கண்ணு.”

“கண்ணு வேணாம். முன்ன சொன்ன மாதிரியே சொல்லு.”

அன்றைக்கு மூன்று தடவை. மறுநாள் ஐந்து. வாரக் கடைசிக்குள் பதினோரு தடவை சொன்னால்தான் கால் படியைத் தாண்டும் என்று ஆகிவிட்டது. நடுவில் யாராவது தும்மினாலோ கீழே வண்டி ஹார்ன் அடித்தாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டும். கண் ஓயாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. முத்து முத்தாக எழுதிய கை, எறும்பு மையில் விழுந்து ஊர்ந்தது போல் கிறுக்கியது. திங்கட்கிழமை படுக்கப் போனது ஒரு பிள்ளை, செவ்வாய்க்கிழமை எழுந்தது வேறு ஒரு பிள்ளை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.

நாத்தனார் பார்க்க வந்தாள். “எல்லாம் கொழுப்பு. நீங்க இடம் குடுத்தீங்க அண்ணி, அவ மடத்தைப் பிடுங்குறா. ஒரு நாள் பதில் சொல்லாம நில்லுங்க, கால் தானா நகரும்.”

நின்று பார்த்தார்கள். கால் நகரவில்லை. ஒரு மணி நேரம் பையோடு நின்ற பிள்ளை, நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டது. முதலில் அழுதது நாத்தனார்தான். “சொல்லித் தொலைங்க அண்ணி, பதினொண்ணு என்ன, நூறு சொல்லுங்க,” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதோடு அவள் உபதேசம் முடிந்தது.

கணவர் சும்மா இருப்பவர் இல்லை. ரிப்பேர்காரருக்கு எதைப் பார்த்தாலும் ஒரு வழி தோன்றும். ஒரு பழைய போனை எடுத்து வந்து, மனைவியைச் சமையலறைக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி, பதினோரு தடவை சொல்ல வைத்துப் பதிவு செய்தார்.

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்லேன். கடன்காரனை அனுப்பற மாதிரி இருக்கு.”

“உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு எங்கேருந்து சிரிப்பு வரும்?”

இனி அவள் நேரத்துக்குக் கம்பெனி போகலாம், மகளுக்கு வேண்டியபோது பட்டனை அமுக்கிக்கொள்ளலாம். முதல் நாள் வேலை செய்தது. இரண்டாம் நாளும் செய்தது. மனிதர் மீசையை நீவிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் வாலு போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“எட்டாவது தடவ அம்மா மூச்சு விடுறா. நேத்தும் அதே எடத்துல விட்டா, முந்தா நேத்தும் விட்டா. உயிரோட இருக்கிற அம்மா அப்படி மூச்சு விட மாட்டா. இது செத்துப்போன அம்மா.”

அன்றிலிருந்து பதினொன்று இருபத்திரண்டாகிவிட்டது. கணவர் அந்தப் போனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். “நல்லா இருந்ததையும் கெடுத்துட்டேன்,” என்றார். அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. அன்று மத்தியானமே அவள் ஆஸ்பத்திரிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“தொண்டை வலிச்சு ஒரு மாசம் இருக்கும்,” என்றாள் டாக்டரம்மாவிடம். “காய்ச்சலும் இருந்துச்சு. பத்து நாளைக்கு மாத்திரை குடுத்தாங்க. நாலாம் நாளே ஓடியாட ஆரம்பிச்சிட்டா, அதனால...” குரல் இறங்கியது. “நிறுத்திட்டோம்.”

டாக்டரம்மா வாலுவின் வாயைத் திறக்கச் சொல்லி, குச்சியில் சுற்றிய பஞ்சால் தொண்டையைத் தொட்டு எடுத்தாள். பிறகு பிள்ளையை வெளியே நர்ஸோடு உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினாள்.

“கிருமி வந்தா அடிச்சு விரட்ட உடம்புல காவல் உண்டு. சில பிள்ளைங்களுக்கு அந்தக் காவலே ஆள் தெரியாம மூளையில ஒரு எடத்தைப் போட்டு அடிச்சிடுதுன்னு நெனக்கிறோம். அப்ப பயம் காரணமில்லாம வரும், வந்தது போகாது. இதுதான்னு அடிச்சுச் சொல்ல ஒரு டெஸ்ட் இல்ல. டாக்டருங்களுக்குள்ளயே இதுல ஒத்துப்போகல. ஆனா ஒரே ராத்திரியில மாறினது, கண்ணு, கையெழுத்து, தொண்டை, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா அப்படித்தான் தோணுது.”

“நாங்க பாதியில நிறுத்தினதாலயா?”

“முழுசாக் குடுத்த வீட்டுலயும் வருது. நிறுத்தின வீட்டுல பெரும்பாலும் வர்றதில்ல. அதைத் தோண்டாதீங்க. இனிமே நிறுத்தாதீங்க, அவ்வளவுதான்.” சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். “மருந்து நான் தர்றேன். இன்னொண்ணு உங்க வாயில இருக்கு. பதிலைக் குறைக்கணும்.”

“என் நாத்தனாரும் அதைத்தான் சொன்னா.”

“ஒரேயடியா நிறுத்தச் சொல்லியிருப்பாங்க. நீங்க பிள்ளையோட பேசி, அவ சம்மதத்தோட, ஒண்ணொண்ணா குறைங்க. வாராவாரம் என்கிட்ட வாங்க.”

சாயங்காலம் வீட்டுப் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாலு அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நான் பைத்தியமா ம்மா? அத்தை போன்ல யார்கிட்டயோ சொன்னாங்க.”

“உங்க அத்தை உப்புக்கும் சர்க்கரைக்கும் நக்கிப் பாத்துத்தான் வித்தியாசம் சொல்லுவா. அவ பேச்சை விடு.” பிறகு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தன் வேலையைப் பற்றியே சொல்லத் தொடங்கினாள். “காலையில கறையிருந்தா டக்குனு கண்டுபிடிச்சிடுவேன். சாயங்காலம் ஆக ஆக, தேடித் தேடி அலுத்த கண்ணுக்கு நல்ல சட்டையிலயும் கறை தெரியும். அம்பு ஒட்டிடுவேன். சூப்பர்வைசர் வந்து ‘எங்கம்மா கறை’ன்னு கேப்பாரு. பாத்தா ஒண்ணும் இருக்காது. அது மாதிரி, உன் உடம்புல இருக்கிற செக்கருங்க கிருமியத் தேடித் தேடி, உன் நல்ல எடத்துல அம்பு ஒட்டிட்டாங்க.”

வாலு யோசித்தாள். “எத்தனை அம்பு?”

“தெரியல. டாக்டரம்மா உரிக்கிறாங்க.”

“உரிச்சாலும் பசை ஒட்டியிருக்குமே.”

“இருக்கும். அதைத் தேச்சுத் தேச்சு எடுக்கறது நம்ம ரெண்டு பேர் வேலை.”

எத்தனையில் தொடங்குவது என்று வாலுவே முடிவு செய்தாள். இருபது. இரண்டு நாளைக்கு ஒன்று குறையும். மாத்திரை ஒரு வேளை தவறவில்லை. கணவர் அலாரம் வைத்துக்கொண்டு கடையிலிருந்து ஓடி வந்து கொடுத்தார். பேரம் பேசி, அழுது, கோபித்து, எண்ணிக்கை இறங்கியது. ஏழில் இருந்தபோது சளி பிடித்து மறுபடி பதினாலுக்கு ஏறியது. அவள் கம்பெனி மேஜையில் சட்டையை விரித்தபடியே அழுதாள். டாக்டரம்மா, “ஏறத்தான் செய்யும், இறங்கும்,” என்றாள். இறங்கியது.

எண்ணிக்கை நான்கில் இருந்த ஒரு காலையில் வாலு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்கு மட்டும் அஞ்சு, ம்மா. இன்னிக்கு மட்டும். நீ செத்துப்போயிடுவ,” என்று கதறினாள். தொண்டை வரை வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். பெற்ற வயிறு கேட்டதைக் கொடு என்கிறது. கொடுக்காமல் இருப்பதுதான் மருந்து. பக்கத்தில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. பிள்ளையின் மார்பு படபடவென்று அடித்தது அவள் கையில் தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அது தணிந்ததும் தெரிந்தது. வாலு எழுந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, நான்கோடு போனாள்.

அப்புறம் மூன்று, இரண்டு. ஒன்றில் வந்து நின்று பத்து நாள் அசையவில்லை. அந்த ஒன்றையும் குறைக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் அந்த ஒன்று அவளுக்கே வேண்டியிருந்தது. எந்த வீட்டில்தான் பிள்ளை சொல்லிக்கொள்ளாமல் போகும்?

பதினோராம் நாள் காலை, மாவுக் கையோடு சமையல் மேடையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். வாலு ஒரு காலுறையைக் காணோம் என்று அப்பாவோடு சண்டை போட்டாள். அவர் அதை ஒளித்து வைத்திருக்கிறார் என்றாள். அவர் அதைப் போட்டால் தன் கட்டைவிரலுக்கே போதாது என்றார். டப்பா பைக்குள் போனது. தண்ணீர் பாட்டில் மேஜையிலேயே இருந்தது. அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள், அன்றைக்கு உரிய ஒரே ஒரு போய்ட்டு வாவை நாக்கில் தயாராக வைத்துக்கொண்டு.

வாலு கட்டிலுக்கடியில் கிடைத்த காலுறையை இழுத்து விட்டுக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். படியில் நிற்கவில்லை. எதையோ நினைத்து உதட்டைச் சுழித்தபடி, பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே, கதவைத் தாண்டிவிட்டாள்.

கணவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கூப்பிட வாயைத் திறந்தார். அவள் பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினாள். கை முழுக்க மாவு. மாவு மீசையோடு அவர் விழித்தார். பள்ளிக்கூடத்தில் குழாய் இருக்கிறது, தாகத்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். இருவரும் அப்படியே ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். கீழே வாலு தெருவைக் கடப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தாள். மாடியை மட்டும் பார்க்கவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் முனை திரும்பிப் போய்விட்டாள்.