தூசியைக் காட்டுங்கள்

எங்கள் பட்டறையில் செய்கிற ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். அதன் மேல் மீன்முள்ளைப் போல வரி வரியாகப் பள்ளம். நகத்தால் தடவினால் மாட்டாது, அவ்வளவு மெல்லிய பள்ளம். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்ததும் அந்த வரிகள் காற்றை இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு இழுத்துக் குவிக்கும். குவிந்த காற்று ஷாஃப்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் கிடையாது, உள்ளே உருளுகிற குண்டுகள் கிடையாது. தானாக மூச்சுவிட முடியாதவர்களுக்கு வைக்கிற இயந்திரத்தில் காற்றை ஊதுகிற விசிறி சுற்றுவது இதில்தான். எண்ணெய் வாடை துளி இருந்தாலும் ஆகாது.

அதைக் கழுவித் துடைத்து, குழலுக்குள் நுழைத்து மூடுவது என் வேலை. குனிந்து குனிந்தே முதுகு போய்விட்டது. மாலையில் ஹிகாஷி-ஒசாகாவின் மேம்பாலப் படிகளில் ஏறும்போது கைப்பிடி இல்லாமல் முடியாது.

அந்த இலையுதிர் காலத்தில் நகோயா கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. நாங்கள் அனுப்பியவைதான். அங்கே ஓட்டிப் பார்த்தபோது பாதியில் இறுகி நின்றுவிட்டனவாம். நல்லவேளை, நோயாளி யாரிடமும் இன்னும் போகவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் முரோதானி, "கழுவுற இடத்துல தூசி" என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. கழுவுகிற இடத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

முரோதானி எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். என்னை மட்டும் அத்தை என்பார். காரியம் ஆக வேண்டியிருந்தால் அந்த அத்தை இன்னும் கொஞ்சம் நீளும்.

"அத்தேய், வியாழக்கிழமை நகோயா போறோம். நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு?"

"மன்னிப்புக் கேக்கத்தான். கையால செஞ்சவங்களே நேர்ல வந்து குனிஞ்சா அவங்க மனசு இறங்கும். பலகாரப் பெட்டி நான் வாங்கிக்கிறேன். நல்ல கனமான யோகான் இனிப்பு."

"தூசி இருந்துதா?"

"இருந்திருக்கும்."

"இருந்துதா, இருந்திருக்குமா?"

"அட, நீங்க இன்னும் கொஞ்ச நாள்ல வீட்டுக்குப் போகப்போறவங்க. உங்களுக்கு என்ன குறைஞ்சிடப்போகுது? சின்ன வயசுக்காரங்க தலையில கட்டினா அவங்க பொழப்பு போயிடும்."

ஒரு தாளையும் நீட்டினார். அங்கே நான் படிக்க வேண்டிய மன்னிப்பு. அவரே எழுதி, ஒவ்வொரு கடின எழுத்துக்கும் மேலே பொடி எழுத்தில் உச்சரிப்பும் போட்டிருந்தார், குழந்தைகள் புத்தகத்தில் போடுவதுபோல. ஐம்பது தாண்டி இரவுப் பள்ளிக்குப் போய், என்னைப் போன்ற கொரியாக்காரப் பெண்களோடு உட்கார்ந்து படித்தவள் நான். எனக்கு அந்தப் பொடி எழுத்து தேவைப்படவில்லை. 'என் கவனக்குறைவால் தூசி உள்ளே போனது' என்று இருந்தது. நான் குனிந்துவிட்டால் அது உண்மையாகிவிடும். யாரோ ஒருவருடைய மூச்சை நிறுத்தியிருக்கக்கூடிய கை என்று என் கைக்குப் பெயர் வந்துவிடும்.

மத்தியானம் நிஷிகோரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கணக்குப் போடுகிற பெண், முப்பது வயதிருக்கும். ஷாஃப்ட் செய்வதற்கு முன்னாலேயே அது கம்ப்யூட்டருக்குள் ஓடுமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

"ஹியோன்-சான், இதைப் பாருங்க."

திரையில் எங்கள் மீன்முள் வரிகள். நடுவில் சிவப்பாக ஒரு மேடு, ஓரங்களில் நீலம்.

"காத்தைப் பொடிப் பொடிக் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலயும் எவ்வளவு அழுத்தம்னு கேக்குறேன். முதல்ல தப்பாத்தான் சொல்லும். திருப்பித் திருப்பிப் போட்டு, எப்போ பதில் அசையாம நிக்குதோ, அதான் விடை. இது நாம நகோயாவுக்குக் குடுத்த விடை."

"நல்லாத்தானே இருக்கு?"

"சூட்டைச் சேர்க்காம போட்டது. நிஜத்துல ஓட ஓட ஷாஃப்ட் சூடாகி உப்பும். உப்பினா இடைவெளி குறையும், குறைஞ்சா இன்னும் சூடாகும். அதைச் சேர்த்துப் போட்டா விடையே வரல, கணக்கு பாதியில நின்னுபோச்சு. முரோதானி-சான்கிட்டக் காட்டினேன். 'நிக்கிற கணக்கு தப்புக் கணக்கு, சூட்டைச் சேக்குற அந்த வரியை எடுத்துடு'ன்னாரு. எடுத்துட்டேன்."

"அப்போ தூசி இல்ல."

"தூசி இல்ல."

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றே?"

அவள் நகத்தைக் கடித்தாள். "நீங்க அங்கே சொல்லலாம்ல. எனக்கு மார்ச்சோட ஒப்பந்தம் முடியுது. நான் வாயைத் திறந்தா அவர் புதுப்பிக்க மாட்டாரு."

எனக்கு அவர் மேல் வந்ததைவிட இவள் மேல் கோபம் அதிகமாக வந்தது.

"அவருக்கு என் முதுகு வேணும், உனக்கு என் வாய் வேணுமா? ரெண்டையும் வாடகைக்கு விடற மாதிரி இல்ல பொண்ணே. உன் கணக்கை நீ சொல்லு."

 சொல்லிவிட்டுக் கழுவப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை ரயிலில் முரோதானி பலகாரப் பெட்டியை மடியை விட்டு இறக்கவேயில்லை. கணக்கைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்காக நிஷிகோரியையும் அழைத்து வந்திருந்தார். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள்.

நகோயாவில் எங்களை எதிர்கொண்டவர் தொமாத்சு, தரம் பார்க்கிற அதிகாரி. மெலிந்த மனிதர், சிரிப்பில்லை. முரோதானி பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, மேஜையில் நெற்றி தொடுகிற அளவுக்குக் குனிந்தார். நிஷிகோரியும் குனிந்தாள். நான் குனியவில்லை.

குனிந்த நிலையிலேயே முரோதானி என் காலைத் தட்டினார். "அத்தே."

நான் நிமிர்ந்தே நின்றேன். என் முதுகு அப்படி நின்று எத்தனையோ வருடங்கள் ஆகியிருக்கும். வலித்தது.

"இவங்கதான் கழுவுறவங்களா?" என்று தொமாத்சு கேட்டார்.

"ஆமா. வயசானவங்க, கொஞ்சம் பிடிவாதம்... அத்தே, தாளைப் படிங்க."

தாளை எடுத்து மேஜையில் முரோதானி முன்னால் வைத்தேன். "இதை எழுதினவரே படிக்கட்டும். ஐயா, இறுகிப்போனதை நீங்க பிரிச்சுப் பாத்திருப்பீங்க. தூசி இருந்தா காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா தரையில விழுந்து மன்னிப்புக் கேக்குறேன்."

தொமாத்சு என் பக்கம் திரும்பினார். "தூசின்னு நாங்க சொல்லலையே. உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. அப்போ எதனால நின்னுது?"

"எனக்குக் கணக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இதே அறையிலதான் இருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

முரோதானி சிரித்து மழுப்பினார். "கணக்கு ஏற்கெனவே குடுத்தாச்சே, அதுல ஒண்ணும்..."

கம்ப்யூட்டரைத் திறக்கிற சத்தம் கேட்டது. நிஷிகோரிக்குக் கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போனது.

"குடுத்தது சூடு இல்லாத கணக்கு" என்றாள். "இப்போ சூட்டோட ஓட்டுறேன். கொஞ்ச நேரம் ஆகும். காத்திருப்பீங்களா?"

"நிஷிகோரி!" என்றார் முரோதானி.

"காத்திருக்கேன்" என்றார் தொமாத்சு.

 திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கால் கடுத்ததால் யாரும் சொல்லாமலே நான் உட்கார்ந்துகொண்டேன். தொமாத்சு பெட்டியைப் பிரித்து யோகானை வெட்டி, முதல் துண்டை என் முன்னால் நகர்த்தினார். சாப்பிட்டேன். முரோதானி தொடவில்லை.

பிறகு எண்கள் தாறுமாறாகத் துள்ளின. திரையில் சிவப்பாக ஒரு வரி விழுந்து எல்லாம் நின்றது.

"பாத்தீங்களா!" முரோதானிக்கு உயிர் வந்தது. "விடையே வரல. இந்தப் பொண்ணு எழுதின புரோகிராமே கோளாறு. இதை நம்பியா..."

"விடை வராது" என்றாள் நிஷிகோரி. திரையைத் தொமாத்சு பக்கம் திருப்பினாள். "நின்ன இடத்தைப் பாருங்க. இந்த வேகத்துல ஷாஃப்ட் உப்பி இடைவெளி ஒண்ணுமில்லாம போகுது. இல்லாத இடத்துல காத்தை எப்படிக் கணக்குப் போடும்? உங்க கையில இருக்கிற ஷாஃப்டும் இதே வேகத்துலதானே நின்னிருக்கு?"

தொமாத்சு தன் தாள்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஆமா" என்றார். "இதே வேகம்தான்." முரோதானி பக்கம் திரும்பினார். "இடைவெளியைக் கூட்டிப் புதுக் கணக்கு அனுப்புங்க. சூட்டோட. கணக்குப் போட்ட இவங்களே கையெழுத்துப் போடணும்." பொடி எழுத்துப் போட்ட தாளை எடுத்து மடித்து முரோதானியிடமே திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும்போது ரயில் மேடையில் முரோதானி என் பக்கம் வந்தார். அத்தை என்றெல்லாம் கூப்பிடவில்லை.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

"வருவேன். தூசின்னு எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்க? தூசி இல்லைன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. அதுக்கப்புறம் வேணும்னா வர வேண்டாம்னு சொல்லுங்க, அதையும் அங்கேயே."

நிஷிகோரி எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "அதைக் கேக்க நானும் கூட்டத்துக்கு வந்துடுவேன்" என்றாள்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முரோதானி வரவில்லை. உடம்பு சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார்கள். நான் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். எனக்கு வேலை கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் தயங்கினார்கள். மேஜைக்கு ஒரு ஷாஃப்ட்கூட வரவில்லை.

எழுந்து போய், ஷாஃப்ட்கள் அடுக்கிய தட்டை நானே எடுத்து வந்து கழுவ ஆரம்பித்தேன்.